விளையாட்டு அட்டையும் வேலை அட்டையும்

தொண்டைமானாறு பெயரளவில்தான் ஆறு. உண்மையில் அது கடல்நீரேரி. அந்த ஏரியில் இறால் பிடிக்கப் போகிறவன் ஆழ்கடலுக்குரிய இயந்திரப் படகை வாங்குவதில்லை. வாங்கினால் ஊர் சிரிக்கும். கணினி என்று வந்துவிட்டால் மட்டும் இந்த ஊரறிவு எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை.

சென்ற மாதம் மருமகன் ஒரு தாளுடன் வந்தான். யாழ். நகரத்துக் கணினிக் கடையொன்றின் விலைக்கூற்று அது. "மாமா, கடைக்காரர் இதுதான் வேணுமெண்டு சொல்லுறார். ஒருக்காப் பாருங்கோ" என்றான். பையன் படவரைஞர் படிப்பை முடித்துவிட்டு வீட்டுப் படங்கள் வரைகிறான். பாதி உள்ளூராட்சி மன்ற அனுமதிக்குக் கொடுப்பவை. மீதி கனடாவிலுள்ள கட்டட ஒப்பந்தகாரர் ஒருவருக்கு இரவோடிரவாக அனுப்பப்படுபவை. பழைய மடிக்கணினி தாங்காமற் போகவே, புதியதொன்று வாங்கவென்று தங்கை தன் சங்கிலியை அடகு வைத்திருக்கிறாள்.

தாளில் இருந்த தொகையின் பெரும்பங்கு ஒரேயொரு பொருளுக்கு: 'தொழில்முறை' வரைகலை அட்டை. கடைமொழியில் வேர்க்ஸ்ரேசன் காட். அதற்கு இடம்விட்டு நினைவகத்தை 8 ஜிபியாகச் சுருக்கியிருந்தார்கள். யூபிஎஸ் பட்டியலிலேயே இல்லை.

"கேம் விளையாடுற காட்டைப் போட்டால் ஓட்டோகாட் ஒழுங்கா ஓடாதாம் மாமா."

இந்த வாக்கியத்தை நான் இருபது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். ஒரு காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்தது. மருமகன் செய்யும் வேலையைப் பொறுத்தவரை இன்று அதில் உண்மையில்லை.

இரண்டு அட்டைகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். என்விடியா நிறுவனம் 2021இல் விளையாட்டுக்காரருக்கென வெளியிட்டது ஆர்.ரி.எக்ஸ் 3060. அதே ஆண்டில் வடிவமைப்பாளருக்கென வெளியிட்டது ஆர்.ரி.எக்ஸ் ஏ2000. இரண்டின் உள்ளேயும் இருப்பது ஜிஏ106 என்னும் ஒரே வகைச் சிப். அதில் இயங்கும் கணிப்புக் கருக்கள் முன்னதில் 3,584, பின்னதில் 3,328. நினைவகம் முன்னதில் 12 ஜிபி. பின்னதன் முதற் பதிப்பில் 6 ஜிபி. அறிமுக விலையோ முன்னதற்கு 329 டொலர், பின்னதற்கு ஏறத்தாழ 450 டொலர். குறைவான சரக்குக்குக் கூடிய விலை ஏன்?

விடை பெரும்பாலும் அட்டையை இயக்கும் மென்பொருளில், அதாவது ட்றைவரில், இருக்கிறது. இது இன்று நேற்றைய கதையல்ல. 1999இல் வந்த ஜீஃபோர்ஸ் 256 அட்டையின் சிப்பைக் கொண்டே முதலாவது குவாட்றோவும் செய்யப்பட்டது. அட்டையிலிருந்த சிறு தடையிகளை இடம் மாற்றி ஒட்டி, மலிவான ஜீஃபோர்ஸைக் குவாட்றோ என்று கணினியை நம்பவைத்த கெட்டிக்காரர்கள் அக்காலத்தில் இருந்தார்கள். 2017 ஜூலையில் நடந்தது இன்னும் சுவையானது. ஏ.எம்.டி. நிறுவனம் வேகா வகை அட்டையொன்றைச் சந்தைக்கு விட்டிருந்த வேளையில், என்விடியா தனது டைற்றன் எக்ஸ்பி அட்டைக்குப் புதிய ட்றைவரொன்றை வெளியிட்டது. மாயா போன்ற செயலிகளில் வேகம் மும்மடங்கு வரை கூடும் என்று நிறுவனமே அறிவித்தது. அட்டையில் ஒரு திருகாணியும் மாறவில்லை. போட்டியாளன் வாசலுக்கு வந்ததும் உள்ளே பூட்டிவைத்திருந்ததைத் திறந்து கொடுத்தார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன பொருள் கொள்வது?

இதை முழு மோசடி என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. வேலை அட்டைக்குக் கொடுக்கும் மேலதிகப் பணத்தில் ஒரு பகுதி சான்றிதழுக்குப் போகிறது. வரைதல் மென்பொருளைச் செய்பவர்கள் குறிப்பிட்ட அட்டையைக் குறிப்பிட்ட ட்றைவருடன் சோதித்து, 'இதில் எங்கள் மென்பொருள் சரியாக ஓடும்' என்று பட்டியலிடுகிறார்கள். நாளை திரையில் ஒரு கோடு மறைந்துபோனால் நீங்கள் உதவிப் பிரிவை அழைக்கலாம். 'உங்கள் அட்டைதான் பிழை' என்று அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது. விலைபோவது அந்த வாக்குறுதிதான். அதற்கும் ஒரு பெறுமதி உண்டு.

ஆனால் அந்த வாக்குறுதி யாருக்கு? மென்பொருளுக்குப் பணம் செலுத்தி உரிமம் பெற்றவருக்கு. "உன்ரை ஓட்டோகாட்டுக்கு உரிமம் இருக்கோ?" என்று கேட்டேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டாளி கொடுத்த இறுவட்டாம். பதிவில்லாத படகுக்குக் காப்புறுதி கட்டுவது போன்றது இது. தவணைப் பணம் ஒழுங்காகப் போகும். படகு கவிழ்ந்தால் ஒருவரும் வரமாட்டார்கள். எங்கள் ஊர்களில் இத்தகைய அட்டைகளை வாங்கும் இளைஞர்களில் எத்தனை பேர் கோரவே முடியாத ஓர் உரிமைக்காகப் பணம் கட்டுகிறார்கள் என்று எண்ணியபோது எனக்குச் சினம்தான் வந்தது.

நிற்க. ஓட்டோகாட் விண்டோஸில் ஓடும்போது திரையில் வரைவது டைரக்ட்3டி வழியாக. கணினி விளையாட்டுகளும் பெரும்பாலும் அதே வழியில்தான் ஓடுகின்றன. ஆகவே விளையாட்டு அட்டைக்கு அது அந்நிய மொழியன்று. இருபரிமாண வீட்டுப் படம் வரைகையில் பாரத்தைச் சுமப்பதும் பெரும்பாலும் மையச் செயலியின் ஒரு கருவே. ரெவிற் பழகினால் அது கேட்பது நினைவகத்தை. ஆக, 8 ஜிபியுடன் ஒரு விலையுயர்ந்த அட்டை என்பது ஒற்றை மாட்டு வண்டிக்கு வெள்ளிப் பூண் போட்டதுபோல.

சொலிட்வேர்க்ஸ் கதை வேறு. அது ஓப்பன்ஜிஎல் வழியே வரைவது. சான்றளிக்கப்பட்ட அட்டைகளின் பட்டியலில் வேலை அட்டைகளே இடம்பெறுகின்றன. ரியல்வியூ என்னும் மெய்த்தோற்ற வசதியையும் அவற்றுக்கே உரியதாக வைத்திருந்தார்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படித்து வெளியேறும் ஒருவர், ஆயிரக்கணக்கான உறுப்புகள் கொண்ட இயந்திரத்தை உரிமம் பெற்ற மென்பொருளில் வடிவமைக்கப் போவதாகச் சொன்னால், வேலை அட்டையையே வாங்கச் சொல்வேன். நாட்கணக்கில் ஓடும் கணிப்புகளுக்குப் பிழைதிருத்தும் நினைவகமும் பயன்படும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், கடைக்காரர் அதைச் சொல்லவேயில்லை. ஏ2000 உண்பது 70 வாற்று மின்சாரம். 3060 உண்பது 170. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டை அனுபவித்த நாட்டில், சிறிய யூபிஎஸ் ஒன்றை நம்பி இருப்பவனுக்கு இந்த வேறுபாடு பெரிது. ஏ2000 மலிவாகக் கிடைத்தால் அந்தக் காரணத்துக்காக வாங்கலாம். சான்றிதழுக்காக வேண்டாம்.

விலைக்கூற்றின் மறுபக்கத்தில் நான் எழுதிக் கொடுத்தது இது: நடுத்தர விளையாட்டு அட்டை, 32 ஜிபி நினைவகம், திண்ம நிலை வட்டு, மின்னழுத்தத்தைச் சீராக்கும் யூபிஎஸ், தூசுவடி உள்ள பெட்டி. கடற்கரையில் விசிறி உள்ளே இழுப்பது உப்புக் காற்று என்பதைக் கொழும்பில் விலைப்பட்டியல் போடுபவர்கள் அறியமாட்டார்கள். 2019 முதல் என்விடியா ஜீஃபோர்ஸ் அட்டைகளுக்கு 'ஸ்ரூடியோ' என்ற பெயரில் தனி ட்றைவர் தருகிறது. அதைப் போட்டுவிட்டு, வேலை நடுவில் புதுப்பிக்காமல் விடவேண்டும். மிஞ்சும் பணத்தில் ஓட்டோகாட் எல்ரிக்குச் சந்தா. அதில் முப்பரிமாணம் வராது. கனடாக்காரர் கேட்பதோ இருபரிமாணப் படம். திருட்டு மென்பொருளில் வரைந்ததை வெளிநாட்டு ஒப்பந்தகாரருக்கு அனுப்புவது அவரையும் வம்பில் மாட்டிவிடும் என்று சொன்னபோதுதான் பையனின் முகம் மாறியது. அட்டையைப் பற்றி அவ்வளவு பேசியும் அப்படி மாறவில்லை.

மறுநாள் தாளைக் கொண்டுபோயிருக்கிறான். கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அப்ப தம்பி கேம் விளையாடவோ வாங்குறீர்?" என்றாராம்.