முதலில் பிரேக், பிறகு பகட்டு!

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே சுமார் 5 கிலோமீட்டர் தூரம். சைக்கிளில் அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம். சீசன் கடைகளிலும் ஓட்டல்களிலும் வேலை செய்வோருக்குச் சைக்கிள் நல்ல துணை. பெட்ரோல் செலவு இல்லை. பஸ்சுக்குக் காத்து நிற்க வேண்டாம்.

இன்று இளைஞர்களுக்குப் பந்தயச் சைக்கிள் மீது ஆசை. மெல்லிய சக்கரம், வளைந்த கைப்பிடி, மின்னும் வண்ணம்! அதே தோற்றத்தில் மலிவான சைக்கிளும் கிடைக்கிறது. வாங்கிய மறுநாளே, "இதில் இன்னும் என்ன மாற்றலாம்?" என்று கேட்கிறார்கள். வண்ணச் செயினுக்கும் பளபளக்கும் பெடலுக்கும் சம்பளப் பணம் போகிறது.

இது சரியா? சரியல்ல என்பதே என் கருத்து.

மைதானம் வேறு, ரோடு வேறு

பந்தய மைதானத்தில் வட்டமிடும் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. பிரீவீலும் கிடையாது. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே எல்லோரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள். ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர் மோதி விழுவார். ஆகவே அங்கே பிரேக் வேண்டாம்.

குற்றாலம் ரோடு அப்படியா? எதிரே வேன் வரும். குறுக்கே மாடு வரும். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் கூட்டமாக நடப்பார்கள்.

சாரலும் காற்றும்

ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் சாரல் காலம். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று பலமாக வீசும். குற்றாலத்துக்குப் போகும்போது அது நம்மை எதிர்க்கும். வேலை முடிந்து திரும்பும்போது அதுவே முதுகைப் பிடித்துத் தள்ளும். அப்போது சைக்கிள் வேகமாக ஓடும். ரோடோ ஈரம்.

இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். ஈரத்தைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். அதற்குள் சைக்கிள் பல அடி தூரம் ஓடிவிடும். உயிருக்கு ஆபத்து அந்தச் சில அடிகளில்தான் இருக்கிறது!

எதற்கு முதல் செலவு?

முதல் செலவு பிரேக்குக்கு. முன்னும் பின்னும் பிரேக் வேண்டும். தேய்ந்த கட்டையை மாற்றுங்கள். வசதி இருந்தால் இரும்பு ரிம்முக்குப் பதில் அலுமினிய ரிம் போடுங்கள். மழையில் அதில் பிரேக் நன்றாகப் பிடிக்கும். புதுச் சைக்கிள் வாங்குவோர், முன் போர்க்கில் பிரேக் பூட்டத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது டயர். மெல்லிய டயர் பள்ளத்தில் அடிபட்டுச் சீக்கிரம் பஞ்சராகும். சக்கரத்தில் இடம் இருக்கும் அளவுக்குச் சற்று அகலமான டயர் நல்லது.

மூன்றாவது விளக்கும் மட்கார்டும். சாரலில் இருட்டு சீக்கிரம் வரும். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும்.

நான்காவது பிரீவீல். முன்னே 44 பல், பின்னே 18 பல் இருந்தால், பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். எதிர்காற்றில் கால் வலிக்கும். பின்னே 22 பல் போட்டால் இரண்டு சுற்றுதான். வேகம் சற்றுக் குறையும். ஆனால் மிதிப்பது எளிது. ஐந்தருவி மேட்டிலும் மூச்சு வாங்காது.

செயினைத் துடைத்து எண்ணெய் விடுவதற்குச் செலவே இல்லை. ஆனால் ரிம்மில் எண்ணெய் படக்கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்த சைக்கிள் வீட்டில் சும்மா கிடக்கிறதா? அதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். நல்ல பிரேக், நல்ல டயர், ஒரு விளக்கு போட்டால் அதுவே தினமும் வேலைக்குப் போகப் போதும்.

பையன் பணம் கேட்டால் திட்ட வேண்டாம். "பிரேக் பார்த்தாயா?" என்று முதலில் கேளுங்கள். பார்த்துவிட்டான் என்றால், மிச்சப் பணத்தில் அவன் விரும்பும் வண்ணத்தை அடித்துக்கொள்ளட்டும்!