வகுப்பறையில் தீக்குச்சிக்குத் தடையா?



"ஐயா, இதை எந்தப் பக்கம் பிடித்து உரச வேண்டும்?"

சென்ற ஆண்டுப் பள்ளி முகாமில், தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. நகைப்பதற்கில்லை. அவள் வீட்டு அடுப்பு திருகினால் எரிகிறது. சாமி மேடையில் மின்விளக்கு. பள்ளியிலோ எரிதலை வலையொளிக் காணொளி ஒன்றைக் காட்டி முடித்துவிடுகிறோம். ஆனால், தேர்வுத்தாளில் மட்டும் "எரிவதற்கு உயிர்வளி தேவை" என்று அவள் பிழையின்றி எழுதுகிறாள்! இதற்குப் பெயர் அறிவியல் கல்வியா?

எங்கள் பள்ளியில் இந்தத் தடை வந்ததற்கு நானே காரணம். பல ஆண்டுகளுக்கு முன்பு, ஸ்பிரிட் விளக்கு அணைந்துவிட்டது என்றெண்ணிப் புட்டியிலிருந்து நேரே ஊற்றினேன். பகல் வெளிச்சத்தில் அதன் மங்கிய சுடர் என் கண்ணுக்குத் தெரியவில்லை. தீ புட்டியின் வாய்வரை பாய்ந்தது. முன்வரிசை மாணவன் ஒருவனின் புருவம் கருகியது. கண் தப்பியது அவன் செய்த நல்வினை, என் திறமையன்று. மறுவாரமே, வகுப்பில் நெருப்பே கூடாது என்று ஆணை பிறந்தது. ஸ்பிரிட் புட்டியைத் தடுத்திருக்க வேண்டிய ஆணை, மெழுகுவத்தியையும் சேர்த்து வெளியேற்றிவிட்டது.

இரண்டும் ஒன்றல்ல என்பதே என் வழக்கு. மெத்தனால் ஏறத்தாழ 12 பாகை செல்சியசிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும். நம் வகுப்பறைகளோ 30 பாகையில் புழுங்குகின்றன! 2014 சனவரியில் நியூயார்க் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் வண்ணச் சுடர் காட்டுவதற்காக மெத்தனால் ஊற்றப்பட்டபோது, மாணவர் ஒருவர் கடுமையாகத் தீக்காயமுற்றார். அதன் பின்னர், திறந்த மேசையில் மெத்தனால் கொண்டு அச்செய்முறையைச் செய்வதைக் கைவிடுமாறு அமெரிக்க வேதியியல் கழகம் கேட்டுக்கொண்டது. மாணவர் கைதட்ட வேண்டும் என்பதற்காகச் செய்யும் இத்தகைய வாணவேடிக்கைகளை நானும் எதிர்க்கிறேன்.

மெழுகுவத்தியின் கதை வேறு. 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் மைக்கேல் பாரடே இலண்டனில் சிறுவர்களுக்கு ஆற்றிய உரைத்தொடர் முழுவதும் ஒரு மெழுகுவத்தியைப் பற்றியதுதான். சுடரை ஊதியணைத்தவுடன் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டுங்கள். திரியைத் தொடாமலேயே சுடர் தாவி வந்து பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவியே என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் சொல்லும்?

நீருள்ள தட்டில் மெழுகுவத்தியை நிறுத்திக் குவளையால் மூடும் சோதனையை எடுத்துக்கொள்வோம். நீர் மேலேறியதும், "தீர்ந்துபோன உயிர்வளியின் இடத்தை நீர் பிடித்தது" என்று நம்மில் எத்தனை பேர் சொல்லிக்கொடுத்தோம்! நானும் சொன்னேன். அது தவறு. சுடர் அணையும்போது உள்ளே ஏறத்தாழ 16 விழுக்காடு உயிர்வளி மீந்திருக்கும். சூட்டில் விரிந்த காற்று குளிர்ந்து சுருங்குவதே நீரேற்றத்தின் முதன்மைக் காரணம். ஐயமிருந்தால் அதே குவளைக்குள் மூன்று மெழுகுவத்திகளை ஏற்றிப் பாருங்கள். நீர் இன்னும் உயரமாக ஏறும். காற்றிலுள்ள உயிர்வளி மும்மடங்காகிவிட்டதா என்ன? காணொளியில் இந்தக் கேள்வியை மாணவர் கேட்க வழியில்லை.

பாதுகாப்பு? நிச்சயம் வேண்டும். மின்விசிறியை நிறுத்துவோம். சடையைப் பின்னால் கட்டி, கழுத்துப்பட்டியைக் கழற்றச் சொல்வோம். மெழுகுவத்தி நீர்த்தட்டிலேயே நிற்கட்டும். பற்றவைப்பது ஆசிரியர் மட்டும். எரிந்த குச்சி நீருக்குள் போகட்டும். ஈரத்துணியும் தீயணைப்புக் கருவியும் கையெட்டும் தொலைவில் இருக்கட்டும். ஸ்பிரிட் புட்டிக்கு அந்த அறையில் இடமே வேண்டா. கேக்கின் மேல் பத்து மெழுகுவத்திகளை ஏற்றி, குழந்தையின் முகத்தை அதனருகே கொண்டுபோகும் பெற்றோர், இவ்வளவுக்குப் பிறகும் புலனக் குழுவில் எனக்கு எதிராக எழுதுவார்களா?

தலைமையாசிரியரிடம் எழுத்து வழி அனுமதி கேட்டிருக்கிறேன். அனுமதி கிடைக்கும் நாளில், பெற்றோர் இருவரைப் பின்வரிசையில் அமர்ந்து பார்க்க அழைப்பேன். என் பழைய விபத்தைப் பற்றியும் அன்று மாணவர்களிடம் முதலில் சொல்லிவிட்டே தீக்குச்சியை உரசுவேன்.