ஒரு பானையும் ஒரு சிரிப்பும்

சென்ற ஆண்டு எங்கள் ஆங்கில வகுப்பில் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. அதை முதலில் சொல்லிவிட்டு எங்கள் கருத்தைச் சொல்லுகிறோம்.

அன்றைய பாடம் ஒரு கதை. தந்தை இறந்தபின் கவனிப்பாரின்றி அவருடைய பண்ணை பாழாயிற்று என்று ஓரிடத்தில் வருகிறது. 'பாழாயிற்று' என்பதை அக்கதாசிரியர் 'பாட்' என்னும் ஆங்கிலச் சொல்லை வைத்துச் சொல்லியிருந்தார். பி, ஓ, டி என்று மூன்றே எழுத்துகள். 'பாட்' என்றால் பானை என்று சிறு வகுப்பிலேயே நாம் எல்லோரும் மனப்பாடம் செய்தவர்கள்தாமே! பெரம்பலூருக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வரும் எங்கள் தோழி எழுந்து, "தந்தை இறந்தபின் பண்ணை பானைக்குப் போயிற்று" என்று மொழிபெயர்த்தாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. சிரித்தவர்களில் நாங்களும் உண்டு. அவள் தலைகுனிந்து உட்கார்ந்தாள். அதன்பின் பல வாரங்கள் ஆங்கில வகுப்பில் அவள் வாயைத் திறக்கவே இல்லை.

அந்தச் சிரிப்பு தவறு என்பதே எங்கள் கருத்து. அதில் அன்பு இல்லை என்பது ஒரு காரணம். அறிவும் இல்லை என்பது மற்றொரு காரணம்.

அவள் சொன்னதில் என்ன பிழை? தான் படித்த ஒரே பொருளை அவள் நேர்மையாகச் சொன்னாள். சிரித்த எங்களுக்கும் அந்த ஒரு பொருளைத் தவிர வேறு தெரியாது. பிறகு அகராதியைப் புரட்டிப் பார்த்தபோது திகைத்துப் போனோம். சமைக்கும் பானையும் 'பாட்', பூந்தொட்டியும் 'பாட்', தேநீர்க் கூசாவும் அதன் இனமே. மேசைக் கோற்பந்து ஆட்டத்தில் பந்தைக் குழியில் தள்ளுவதும் 'பாட்'. சீட்டாட்டத்தில் நடுவில் குவியும் பணமும் 'பாட்'. ஒரு நீண்ட வரலாற்றைச் சுருக்கி எழுதினால் அதையும் பானையில் அடைத்த வரலாறு என்கிறார்கள். நாம் அண்டவே கூடாத கஞ்சாவுக்கும் கொச்சை வழக்கில் அதே பெயர். இத்தனைக்கும் மேலே, பாழாய்ப் போவதைப் பானைக்குப் போவது என்பது அவர்களுடைய மரபு. துண்டு துண்டாக நறுக்கப்பட்டுப் பானைக்குள் போகும் இறைச்சியை நினைத்து எழுந்த வழக்கு அது என்பர். அப்படியானால் எங்கள் தோழி உண்மைக்கு வெகு அருகில்தான் நின்றாள். ஓர் அடி எடுத்து வைக்க அவளுக்கு யாரும் கை கொடுக்கவில்லை.

இதைக் கேள்வியுற்ற எங்கள் தமிழம்மா மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் 'கலம்' என்று எழுதி, "இதற்கு எத்தனை பொருள் சொல்வீர்கள்?" என்று கேட்டார்கள். "பாத்திரம்" என்றோம். அதற்கு மேல் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அப்போது அந்தத் தோழி மெதுவாக எழுந்து, "பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று எங்கள் தாத்தா சொல்வார், அம்மா" என்றாள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

அவள் சொன்னது எவ்வளவு பெரிய செய்தி என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கிற்று. நம் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சோழர்களின் கல்வெட்டுகளில் நெல் அளக்கப்படுவது அந்தக் கலக் கணக்கில்தான். உண்ணும் தட்டு உண்கலம். கடலில் செல்வது மரக்கலம். பூணுவது அணிகலம். போரில் ஏந்துவது படைக்கலம். 'பாத்திரம்' என்னும் சொல்லை மட்டும் விட்டுவிடலாமா? ஆண்டு விழா நாடகத்தில் நாம் பாத்திரம் ஏற்று நடிக்கிறோம். ஆசிரியரின் அன்புக்குப் பாத்திரமாகிறோம். மாதா மன்றாட்டு மாலையில் தேவதாயைப் பாத்திரம் என்று அழைக்கிறோம். அப்போது நம்மில் யாரும் அடுக்களையை நினைப்பதில்லையே!

பிற மொழிகளிலும் இதே கதைதான். பாத்திரத்தைக் குறிக்கும் 'வெசல்' என்ற ஆங்கிலச் சொல், நம் கலத்தைப் போலவே கப்பலையும் குறிக்கிறது. உடலில் ஓடும் இரத்தக் குழாயையும் குறிக்கிறது. இலத்தீனில் மண்கலத்தைக் குறித்த 'டெஸ்டா' என்ற சொல்லே பிரெஞ்சு மொழியில் தலையைக் குறிக்கும் சொல்லாயிற்று. நாமும் தலையை மண்டை என்கிறோம். பழந்தமிழில் மண்டை என்பது உண்ணும் கலம். எங்கோ வாழ்ந்த மக்களும் நம் முன்னோரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வழியில் எண்ணியிருக்கிறார்கள்! சமையற்கட்டில் பிறந்த சொல் உலகையே சுற்றி வருகிறது.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் உரிய பொருளைக் கண்டுபிடிப்பது எப்படி? தொல்காப்பியர் இதற்கு வழி சொல்லியிருக்கிறார். வினை, இனம், சார்பு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. அங்கே வினை பொருளைக் காட்டிக் கொடுக்கிறது. பண்ணை நடந்து எங்கும் போகாது. ஆகவே பண்ணை 'போயிற்று' என்று கண்டவுடனே, இது அடுப்பிலேற்றும் பானையன்று என்று நாம் ஐயுற்றிருக்க வேண்டும். நம் கையிலே இருந்த திறவுகோலை நாம் ஆங்கில வகுப்புக்கு எடுத்துச் செல்லவில்லை.

இங்கே வீரமாமுனிவரை நினையாமல் இருக்க முடியவில்லை. இத்தாலியில் 1680-இல் பிறந்து, முப்பது வயதில் இந்தியாவுக்கு வந்து, முதிர்ந்த பின் தமிழ் கற்றவர் அவர். நம் கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் தங்கித் தொண்டாற்றினார். 1732-இல் அவர் தொகுத்தது சதுரகராதி. பெயர், பொருள், தொகை, தொடை என்பன அதன் நான்கு பிரிவுகள். ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை முதற் பிரிவும், ஒரு பொருளுக்குரிய பல சொற்களை இரண்டாம் பிரிவும் தருகின்றன. அதுவரை நிகண்டுகளைச் செய்யுளாக மனப்பாடம் செய்து வந்த மாணாக்கருக்கு, அகர வரிசையில் தேடிக் கொள்ளும் வசதி கிடைத்தது. வேற்று நாட்டிலிருந்து வந்த ஒருவர் நம் சொற்களின் முன்னே மாணவராக அமர்ந்திராவிட்டால் அந்நூல் பிறந்திருக்குமா? ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு அவர் பாடிய நூல் திருக்காவலூர்க் கலம்பகம். கலம்பகத்துக்குப் பதினெட்டு உறுப்புகள் என்பர். கலம் என்றால் பன்னிரண்டு, பகம் என்றால் அதிற் பாதியாகிய ஆறு, ஆகப் பதினெட்டு என்று அப்பெயருக்கு ஒரு விளக்கம் சொல்லுவதுண்டு. நெல் அளந்த தாத்தாவின் கணக்குத்தான் அங்கே இலக்கியத்தின் பெயராகி நிற்கிறது!

ஆகவே நாங்கள் சொல்ல விரும்புவன சில.

தோழியரே, ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதை விடுவோம். கைப்பேசியில் முதலில் தோன்றும் பொருளோடு நின்றுவிடவும் வேண்டாம். ஒரு சொல்லை அது வரும் வாக்கியத்தோடு சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதுவோம். பானை கெண்டியைக் கருப்பு என்றதாம் என்று ஆங்கிலேயர் சொன்னால், ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்ற நம் பழமொழியைப் பக்கத்தில் எழுதிக் கொள்வோம். அன்று சிரித்த எங்களுக்கும் அந்தப் பழமொழி நன்றாகவே பொருந்தும்.

அன்னையரும் ஆசிரியரும் ஒவ்வொரு வகுப்பறையிலும் ஓர் ஆங்கில அகராதியும் ஒரு தமிழ் அகராதியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க உதவ வேண்டுகிறோம். பூட்டிய அலமாரியில் இருக்கும் அகராதியால் யாருக்கு என்ன பயன்?

பெற்றோரே, எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது, பிள்ளைக்கு என்ன சொல்லித் தருவோம் என்று தயங்காதீர்கள். மரக்காலும் உழக்கும் தாழியும் உறியும் உங்கள் வாயில் இருக்கின்றன. அவற்றைச் சொல்லுங்கள். தன் மொழியின் சொல் பல முகம் காட்டும் என்று அறிந்த பெண், பிற மொழியின் சொல்லைக் கண்டு அஞ்சமாட்டாள்.

எங்கள் தோழி இப்போது ஆங்கில வகுப்பில் மீண்டும் கை தூக்குகிறாள். சில நேரம் பிழையாகவும் சொல்லுகிறாள். நாங்களும் பிழை செய்கிறோம். அகராதி எங்கள் மேசைமேல் திறந்தே கிடக்கிறது.