பூட்டைத் திறக்கக் கற்றுக்கொள்ளலாமா?

சாவி தொலைந்துபோன பூட்டு ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறதா? அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள். சாவி இல்லாமலே அதைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள்.

இப்படிச் சொன்னதும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். "படிக்கிற பிள்ளைக்குத் திருட்டு வேலையா கற்றுத் தருவது?" என்பார்கள். அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும், பூட்டு எப்படித் திறக்கிறது என்பதைக் கையால் உணர்ந்து கற்பது நல்ல அறிவியல் பயிற்சி என்பதே என் கருத்து.

மதுரைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் திண்டுக்கல் இருக்கிறது. 1985 வரை அதுவும் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். அந்த ஊரின் மாங்காய்ப் பூட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; உங்கள் தாத்தா வீட்டுக் கதவிலோ, ஊர்க் கோயிலிலோ தொங்கியிருக்கும். தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, கையாலேயே செய்யப்படும் இந்தப் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது? லிவர் எனப்படும் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு லிவரிலும் ஒரு காடி, அதாவது பிளவு, வெட்டப்பட்டிருக்கும்; ஆனால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு உயரத்தில். வளையத்தைப் பிடித்திருக்கும் தாழில் ஒரு முளை உண்டு. எல்லாக் காடிகளும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றால்தான் முளை உள்ளே நுழையும், தாழ் நகரும். சாவியின் பற்கள் செய்வது இதைத்தான். லிவரைக் குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது. இந்த அமைப்புக்கு இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் என்பவர் 1778இல் காப்புரிமை பெற்றார்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பூட்டில் 6 லிவர்கள். ஒவ்வொன்றுக்கும் 5 உயரங்கள் சாத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் எத்தனை வகைச் சாவிகள்? ஐந்தை ஆறு முறை பெருக்குங்கள்: 15,625. ஒரு சாவியைப் போட்டுப் பார்க்க 10 விநாடி ஆனாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 43 மணி நேரத்துக்கு மேல் ஆகும். திருடன் அதற்குள் விடிந்து, மறுநாளும் விடிந்து, அகப்பட்டுக்கொள்வான்!

ஆனால் கைதேர்ந்தவர் சில நிமிடங்களில் திறந்துவிடுகிறாரே, எப்படி? உலகில் எந்த இரண்டு தகடுகளும் மிகச் சரியாக ஒன்றுபோல் இருப்பதில்லை. தாழை இலேசாக அழுத்திக்கொண்டே இருந்தால், முளை எல்லா லிவர்களிலும் ஒரே நேரத்தில் முட்டுவதில்லை. ஏதோ ஒன்றில்தான் முதலில் முட்டும். அந்த ஒன்று மட்டும் இறுகி நிற்கும். அதைத் தூக்கிச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்தால் முளை மயிரிழை அளவு உள்ளே போகும். அடுத்த லிவர் இறுகும். இறுகியதைத் தேட அதிகபட்சம் 6+5+4+3+2+1, அதாவது 21 முயற்சிகள். உயரத்தைக் கண்டுபிடிக்க 6×5, அதாவது 30. மொத்தம் 51! பதினைந்தாயிரம் எங்கே, ஐம்பத்தொன்று எங்கே? பூட்டு செய்தவர் பெருக்கல் கணக்கை நம்பியிருக்க, திறப்பவர் அதைக் கூட்டல் கணக்காக மாற்றிவிட்டார். தகட்டில் இருக்கும் நுண்ணிய பிழைதான் அவருக்கு வழிகாட்டி. ஆகவே லிவர் எண்ணிக்கை மட்டும் பாதுகாப்பு ஆகாது. அரம் பிடித்த கையின் நுட்பமும் வேண்டும்.

இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்ற கேள்வி புதியதன்று. லண்டன் நகரில் பிராமா நிறுவனத்தார் 1790 முதல் தங்கள் கடைச் சன்னலில் ஒரு பூட்டை வைத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று சவால் விட்டிருந்தனர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒருவராலும் முடியவில்லை. 1851இல் அங்கே நடந்த மாபெரும் பொருட்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், பல நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்துவிட்டார். அதற்கு முன்பே, பெயர்பெற்ற சப் பூட்டையும் அரை மணிக்குள் திறந்து காட்டியிருந்தார். இங்கிலாந்தில் ஒரே அமளி! இப்படிப் பகிரங்கமாகச் செய்தால் கள்வர்களுக்குப் பாடம் சொல்வதாகாதா என்று கேட்டார்கள். கள்வர்களுக்கு இது முன்னமே தெரியும், தெரியாமல் இருப்பவர்கள் பூட்டு வாங்குபவர்கள்தான் என்பது ஹாப்ஸ் தரப்பின் பதில். அந்த அமளிக்குப் பிறகு பூட்டுகள் திருந்தின. நான் ஹாப்ஸ் பக்கமே நிற்கிறேன்.

நம் ஊருக்கும் இது பொருந்தும். இயந்திரத்தில் செய்த மலிவான பூட்டுகள், குறிப்பாக அலிகார் பூட்டுகள், வந்து குவிந்ததில் திண்டுக்கல் பட்டறைகள் பல நலிந்துவிட்டன. கடையில் நாம் என்ன பார்த்து வாங்குகிறோம்? பளபளப்பையும் விலையையும். உள்ளே எத்தனை லிவர், அவை எவ்வளவு நேர்த்தியாக ராவப்பட்டிருக்கின்றன என்று கேட்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? பூட்டைத் திறந்து பார்த்த மாணவனுக்கும் மாணவிக்கும் கேட்கத் தெரியும். நல்ல தொழிலாளியின் கூலி அந்தக் கேள்வியில் இருக்கிறது.

ஆனால் கண்டிப்பான சில வரம்புகள் உண்டு. பூட்டு உங்களுடையதாக இருக்கவேண்டும். வீட்டாருக்குத் தெரிந்தே செய்யவேண்டும். பயன்பாட்டில் உள்ள பூட்டில், அது உங்கள் வீட்டுப் பூட்டே ஆனாலும், கை வைக்காதீர்கள். உள்ளே ஏதேனும் முறிந்தால் குடும்பமே வாசலில் நிற்கும். பிறர் பூட்டைத் தொடுவது விளையாட்டல்ல, குற்றம். வளைத்த கம்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு இரவில் சுற்றினால் போலீஸ்காரர் கேட்கத்தான் செய்வார், கேட்கவும் வேண்டும்.

மதுரை நடைபாதைகளில் சாவி போடுபவரை நின்று கவனித்திருக்கிறீர்களா? வெட்டாத சாவியைப் பூட்டுக்குள் விட்டுத் திருகுவார். வெளியே எடுத்து, அதில் பதிந்த தடத்தைக் கூர்ந்து பார்ப்பார். அந்த இடத்தில் மட்டும் அரத்தை இரண்டு இழுப்பு இழுப்பார். பூட்டே தன் சாவியின் உருவத்தைச் சொல்லிவிடுகிறது! அவரிடம் மரியாதையாகக் கேட்டால், வேலை இல்லாத நேரத்தில் ஒன்றிரண்டு விஷயங்கள் சொல்லக்கூடும்.

பூட்டு கிடைக்காதவர்கள் கெட்டி அட்டையில் மூன்று லிவர்களை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் குண்டூசி குத்தி மூன்றையும் அடுக்குங்கள். ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையம், முளைக்குப் பதில் தீக்குச்சி. காடிகளின் உயரம் வேறுபடட்டும். முளை முட்டும் விளிம்பை ஒவ்வொரு லிவரிலும் ஒரு மில்லிமீட்டர் முன்பின்னாக வெட்டுங்கள். இல்லாவிட்டால் எது இறுகுகிறது என்பது விரலுக்குத் தெரியாது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு திறந்து பாருங்கள். மூன்று பழகிவிட்டால் நான்காவதை வெட்டுங்கள். இம்முறை விளிம்பு வேறுபாட்டை அரை மில்லிமீட்டராகக் குறைத்து.