கரையொதுங்கும் ரசாயனச் சரக்கும் மீனவத் தன்னார்வலர்களும்: சங்கத்தின் நிலைப்பாடு

ரசாயனச் சரக்கு கடலில் விழுந்தாலோ கரையில் தீப்பிடித்தாலோ முதலில் அனுப்பப்படும் தன்னார்வலர் பட்டியலுக்கு நம் ஊர்களிலிருந்து பெயர் கேட்கப்பட்டுள்ளது. எம்எஸ்சி எல்சா 3 சரக்குக் கப்பல் மூழ்கியதிலிருந்து நடந்ததை உறுப்பினர்கள் அறிவார்கள். கொள்கையளவில் இப்பட்டியலைச் சங்கம் எதிர்க்கவில்லை. ஆனால் இப்போது கேட்கப்படும் முறையில் பெயர் தர இயலாது என்று செயற்குழு கருதுகிறது.

ஆளைக் காப்பாற்றுவது வேறு. தண்ணீரில் தத்தளிப்பவரைத் தூக்க நம் வள்ளங்கள் எந்தக் கடிதத்துக்கும் காத்திருந்ததில்லை, இனியும் காத்திருக்காது.

எங்கள் மறுப்பு சரக்கைப் பற்றியது. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் அந்தக் கப்பல் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. ஆபத்தான சரக்கு 13 கன்டெய்னர்களில் இருந்ததாகவும், அவற்றில் 12-இல் கால்சியம் கார்பைடு என்றும் அரசே சொன்னது. கார்பைடு விளக்கு கொளுத்திய பெரியவர்களுக்கு அந்தக் கல்லைத் தெரியும். அதில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும், ஒரு கிலோவுக்குச் சுமார் 300 லிட்டர். காற்றில் 2.5 சதவீதம் கலந்தாலே அது பற்றிக்கொள்ளும். கடல்நீர் புகுந்த கன்டெய்னரின் கதவை நெம்புகிறவனுக்கு இரும்பும் இரும்பும் உரசுகிற பொறியே எமன்.

தீயைக் கண்டால் தண்ணீர் ஊற்றத்தான் எவனுக்கும் கை போகும். இங்கே ஊற்றுகிற தண்ணீர்தான் தீனி. நுரையிலும் இருப்பது தண்ணீரே. மணல் போடுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அலைவாயில் கைக்கு அகப்படுவது ஈர மணல், அதைக் கொட்டுவதும் தண்ணீர் ஊற்றுவதும் ஒன்றே. தேவை காய்ந்த மணல், அல்லது உலர் ரசாயனப் பொடி. கசிவை அடைக்க முடியாத இடத்தில் எரியும் வாயுவை அணைப்பதும் ஆபத்து. எரியாமல் தேங்கிய வாயு பிறகு மொத்தமாக வெடிக்கும். இவற்றையெல்லாம் எங்கள் பையன்களுக்கு யார், எப்போது சொல்லிக்கொடுத்தார்கள்?

2015 ஆகஸ்ட் 12 இரவு சீனத்தின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கில் நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. இறந்தும் காணாமலும் போன 173 பேரில் 104 பேர் தீயணைப்பு வீரர்கள். அங்கே பெருவெடிப்புக்குக் காரணம் அம்மோனியம் நைட்ரேட், கார்பைடு அல்ல; அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உள்ளே என்னென்ன அடுக்கியிருக்கிறது என்று தெரியாமல் ஆட்களை அனுப்பினார்கள் என்பதே நமக்கான செய்தி. பயிற்சியும் சீருடையும் உள்ளவர்களுக்கே அந்தக் கதி என்றால், சாரம் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு போகிறவனுக்கு?

200 மீட்டர் தள்ளி நில்லுங்கள், 112-க்கு அழையுங்கள் என்று எல்சா 3 மூழ்கியபின் கேரளத்தில் எச்சரித்தது சரியே. ஆனால் எந்தக் கன்டெய்னரில் என்ன என்ற முழுப் பட்டியல் மக்கள் கைக்கு வர ஜூன் மாதம் ஆயிற்று. அத்தனை நாளும் அதே கடலில்தான் வலை வீசினோம். சரக்கு யாருடையது என்பது வணிக ரகசியமாக இருக்கலாம். தண்ணீர் பட்டால் பற்றும் சரக்கு எது என்பதை ரகசியமாக வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

கன்னியாகுமரிக் கரை வரை வந்த பிளாஸ்டிக் குருணை, மீன் விலைச் சரிவு, இழப்பீடு ஆகியவை பற்றித் தனியே எழுதப்படும்.

பெயர் தர வேண்டுமானால், விபத்து தெரிந்த அன்றே சரக்குப் பட்டியல் தமிழிலும் மலையாளத்திலும் ஊர்க் கமிட்டிகளுக்கு வர வேண்டும். ஒவ்வொரு இறங்குதளத்திலும் மூடிவைத்த காய்ந்த மணலும் உலர் பொடி அணைப்பான்களும் இருக்க வேண்டும். பயிற்சியைத் தீயணைப்புத் துறை தர வேண்டும், காப்பீட்டுத் தொகையை முதலில் கட்ட வேண்டும். பயிற்சிக் காலத்தைச் சூழ்நிலைக்கேற்பப் பேசி முடிவு செய்யச் சங்கம் தயார். மணலையும் பட்டியலையும் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இதற்கு எழுத்தில் பதில் வரும்வரை எந்த ஊர்க் கமிட்டியும் பெயர் கொடுக்க வேண்டாம். கரையொதுங்கும் கன்டெய்னரில் கயிறு கட்ட யார் வந்து கேட்டாலும், அதன் எண்ணையும் உள்ளிருக்கும் சரக்கின் பெயரையும் முதலில் கேளுங்கள். சொல்லாவிட்டால் கரையிலேயே நில்லுங்கள்.