மாற்றுச் சிறுநீரகம்: பத்தாண்டு கடந்தாலும் கவனம் தேவை



உங்கள் குடும்பத்தில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டு, பல ஆண்டுகளாகச் சுகமாயிருப்பவர் எவரேனும் உண்டா? "அல்ஹம்துலில்லாஹ், கண்டம் தாண்டிவிட்டது" என்று ஆறுதலடைந்திருப்பீர்கள். அது நியாயமே. எனினும், இன்னொரு விடயத்தையும் அறிந்திருத்தல் அவசியம்.

பிறர் உறுப்பை நமது உடல் அந்நியமாகவே கருதும். உடல் அதைத் தாக்காதிருக்கவே டக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், அசத்தியோபிரின் போன்ற மருந்துகள் தொடர்ந்து கொடுக்கப்படுகின்றன. இவை நோய் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கின்றன. கெட்டுப்போன கலங்களையும் புற்றுநோய்க்குக் காரணமான வைரசுகளையும் அடக்கி வைப்பதும் அதே சக்திதான். எனவே இவர்களுக்குப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 2 முதல் 4 மடங்கு அதிகம். நிணநீர்ப் புற்று, தோல், உதடு, கருப்பைக் கழுத்துப் புற்று ஆகியன இவற்றுள் முக்கியமானவை.

இதற்குப் பயந்து மருந்தை நிறுத்தலாமா? கூடவே கூடாது! நிறுத்தினால் சிறுநீரகமே பழுதாகிவிடும். செய்யவேண்டியது, நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதுதான்.

மலையகத்தில் வெற்றிலை போடாத வீடுகள் குறைவு. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மாற்றுறுப்புப் பெற்றவர் வெற்றிலைத் தட்டையே மறந்துவிட வேண்டும். வுழூச் செய்து வாய் கொப்பளிக்கும்போது கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் கண்ணாடியில் பாருங்கள். மூன்று வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பெண்களுக்கு இன்னுமொன்று. நம் நாட்டில் 1996 முதல் 'சுவநாரி' கிளினிக்குகள் நடைபெறுகின்றன. 35, 45 வயதுகளில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்துகொள்ளும்படி அங்கு அழைக்கிறார்கள். மாற்றுறுப்புப் பெற்றவருக்கு அந்த இரண்டு தடவைகள் போதாது. எத்தனை காலத்துக்கொரு முறை என்று வைத்தியரிடம் கேளுங்கள். வெட்கம் தடுக்கிறதா? பெண் வைத்தியரையோ குடும்பநல உத்தியோகத்தரையோ கேட்டுப் பெறலாம். உயிரைக் காப்பதில் வெட்கத்துக்கு இடமில்லை.

டிக்கோயாச் சகோதரிகளுக்குப் பக்கத்திலேயே கிளங்கன் ஆதார வைத்தியசாலை உண்டு. இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு கட்டப்பட்ட அதன் புதிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. புதிய கட்டி, காரணமில்லாத மெலிவு, நீடித்த காய்ச்சல், மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால், தூரத்துக் கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் அங்கே சென்று காட்டுங்கள். "எனக்கு மாற்றுச் சிறுநீரகம்" என்பதை முதலில் சொல்லுங்கள். கிளினிக் புத்தகத்தையும் மருந்துகளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.