விடுமுறை யார் வீட்டுச் சொத்து?

இந்த நாட்டில் விடுமுறை நாட்கள் மிகுந்துவிட்டன, அதனாலேதான் நாடு தலைநிமிரவில்லை என்று ஓர் ஒப்பாரி அடிக்கடி நம் காதில் விழுகின்றது. சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது அந்த ஒப்பாரியின் சுருதி உயர்கின்றது. ஆண்டுக்கு ஏறத்தாழ 25 பொது விடுமுறைகள் என்று வர்த்தகப் பிரமுகர்கள் விரல்விட்டு எண்ணிக் காட்டுகின்றார்கள். மாதந்தோறும் போயா என்று பெருமூச்செறிகின்றார்கள். கேட்டிருக்கும் நம்மவரிற் பலரும் "உண்மைதானே" என்று தலையசைத்து விடுகின்றார்கள். தலையசைப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாமா? இவர்கள் எண்ணுவது யாருடைய விடுமுறையை?

முதலிற் சொல்லைப் பார்ப்போம். விடு என்னும் அடியிலிருந்து பிறந்தது விடுமுறை. யாழ்ப்பாணத்தில் நம் பாட்டன்மார் பள்ளிக்கூடம் மூடியிருக்கும் நாளை "விடுதலை" என்றே வழங்கினார்கள். கட்டிலிருந்து நீங்குதல் என்ற கருத்து அச்சொல்லிற் பளிச்சென்று நின்றது. பின்னர் கந்தோர் உத்தியோகம் வந்தது. அதனோடு "லீவு" வந்தது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு அனுமதி என்பது பொருள். மேலதிகாரி மனமிரங்கி அளிப்பது. வேண்டாமென்றால் மறுத்துவிடக் கூடியது. சொல் மாறியபோது கருத்தும் மாறிற்று. விடுதலையாய் இருந்தது விண்ணப்பமாயிற்று. இன்றும் நம் லிகிதர்கள் "தயவுகூர்ந்து" என்று தொடங்கியல்லவா லீவுக் கடிதம் எழுதுகின்றார்கள்? சட்டம் அளித்த ஒன்றைத் தயவாகக் கேட்கும் இந்தப் பழக்கத்தை எந்தச் சட்டமும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

தயவினால் வந்ததன்று விடுமுறை. இங்கிலாந்து வங்கி 1834 க்கு முன் ஆண்டுக்கு முப்பதுக்கு மேற்பட்ட புனிதர் திருநாட்களில் மூடியிருந்தது. அவ்வாண்டில் அவை நான்காகக் குறைக்கப்பட்டன. இயந்திர யுகம் உழைப்பாளிக்கு ஓய்வைக் கொண்டுவந்தது என்று பாடம் சொல்வோர் இக்கணக்கை மறைத்துவிடுகின்றார்கள். இயந்திரம் முதலிற் பறித்தது. பறித்ததில் ஒரு சிறு பகுதியைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு நூற்றாண்டுப் போர் வேண்டியிருந்தது. 1871 இல் சேர் ஜோன் லபக் என்பாரின் முயற்சியால் வங்கி விடுமுறைச் சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறிற்று. அதே 1871 இல் அதே ஆட்சியாளர் இலங்கையில் நிறைவேற்றிய ஒரு கட்டளைச் சட்டம் உண்டு. வீட்டு வேலையாட்களைப் பதிவு செய்யும் சட்டம் அது. அங்கே குமாஸ்தாவுக்கு ஓய்வு நாள். இங்கே வேலைக்காரனுக்குப் பதிவேடு. இதனை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம். இறுதியில் மீண்டும் இவ்விடத்துக்கு வருவோம்.

சம்பளத்தோடு கூடிய விடுமுறை என்பது அதற்கும் பிற்பட்டது. 1936 ஆம் ஆண்டு பிரான்சில் இலட்சக் கணக்கான தொழிலாளர் தொழிற்சாலைகளை விட்டு வெளியே வராமல், உள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தஞ் செய்தனர். லெயோன் புளூமின் அரசாங்கம் ஜூன் 20 ஆந் திகதி இரண்டு வாரச் சம்பள விடுமுறையைச் சட்டமாக்கிற்று. நான்கு நாள் கழித்து ஜெனீவாவிற் கூடிய சர்வதேசத் தொழில் தாபனம் இது பற்றிய தன் முதலாவது சமவாயத்தை ஏற்றது. எத்தனை நாள் தெரியுமா? ஓராண்டு சேவைக்கு ஆறு வேலைநாள். ஆலைக்குள் அமர்ந்தவன் இரண்டு வாரம் பெற்றான். மாநாட்டு மேசையில் அமர்ந்தோர் ஆறு நாளிலே திருப்தி கண்டார்கள். அந்தச் சமவாயத்தை மூன்று வாரமாகத் திருத்துவதற்கு 1970 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ தனியார் ஊழியனுக்கு ஒரு நாள் சம்பள விடுமுறையைத்தானும் கட்டாயமாக்கும் கூட்டரசுச் சட்டம் இன்றளவும் இல்லை. செல்வம் பெருகினால் விடுமுறை தானாகவே வரும் என்போர் அந்நாட்டைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

1948 இல் ஐக்கிய நாடுகள் தாபனத்தின் மனித உரிமைப் பிரகடனம் தன் 24 ஆவது உறுப்புரையில் ஓய்வையும், காலத்துக்குக் காலம் சம்பளத்தோடு கூடிய விடுமுறையையும் ஒவ்வொரு மனிதனுக்கும் உரிமையென விதித்தது. அதே ஆண்டிலேதான் இலங்கைப் பாராளுமன்றம் மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்தது. உலகம் அவனுக்கு ஓய்வை உரிமையாக்கிய ஆண்டில் நாடு அவனை நாடற்றவனாக்கிற்று. பின்னர் 1980 இல் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை இலங்கை ஏற்றது. அதன் 7 ஆவது உறுப்புரை பொது விடுமுறை நாட்களுக்கும் ஊதியம் வேண்டும் என்கின்றது. ஏற்று ஒப்பமிட்ட கடமை ஏட்டளவிற் கிடக்கின்றது.

இனி நம் சட்டத்தின் நிலைமைக்கு வருவோம். அரசாங்க உத்தியோகத்தருக்குத் தாபன விதிக்கோவையின்படி ஆண்டுக்கு 21 நாள் அமய லீவும் 24 நாள் ஓய்வு லீவுமாக 45 நாள். கடையிலும் தனியார் அலுவலகத்திலும் வேலை செய்வோருக்கு 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமய லீவும் தருகின்றது. அந்தப் பதினான்கில் ஏழு நாளாவது தொடர்ச்சியாக இருத்தல் வேண்டும். வாரத்தில் 28 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்தவனுக்கு வாரந்தோறும் ஒன்றரை நாள் ஓய்வு உண்டு. வேலையை விட்டு நீங்கும்போது உழைத்துச் சேர்த்த விடுமுறை மிஞ்சியிருந்தால் அதற்குப் பணம் கொடுக்க வேண்டும். இக்கடைசி விதியை முதலாளிமார் ஊன்றிப் படிக்க வேண்டும். விடுமுறை தானமாக இருந்தால், தானம் பெறாதவனுக்கு எந்தச் சட்டமாவது பாக்கி கொடுக்கச் சொல்லுமா? அது சம்பளத்தின் ஒரு பகுதி. பின்போட்டுக் கொடுக்கப்படும் பகுதி. அதைத் தராமல் வைத்திருப்பவன் பிறர் பணத்தையே வைத்திருக்கின்றான்.

கொழும்பிலே ஒரு புடைவைக் கடை. பெயர் வேண்டாம், ஒரு கடையைச் சொன்னால் மற்றக் கடைகள் நல்ல கடைகளாகிவிடும். தந்தையின் இறுதிக்கிரியைக்காக ஊருக்கு வந்து ஐந்தாம் நாள் திரும்பிய ஊழியர் ஒருவருக்கு ஐந்து நாட் சம்பளமும் வெட்டப்பட்டது. பத்தாண்டு சேவை அவருக்கு. "போகவிட்டதே பெரிது" என்றார் முதலாளி. ஊழியரும் அதை நம்பினார். முதலாளி சொன்னதைக் காட்டிலும் அவர் நம்பியதே நமக்கு வேதனை தருகின்றது. அந்த முதலாளியும் தமிழர்தாம் என்பதை ஒளிக்க நாம் விரும்பவில்லை.

இந்த இடத்தில் நம் வாசகர் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. நாட்காட்டியிற் சிவப்பு மையிட்ட நாளெல்லாம் எல்லோருக்கும் விடுமுறையன்று. அரசாங்க விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று மூவகை. தைப்பொங்கலும் புத்தாண்டும் மேதினமும் நத்தாரும் மூன்றிலும் அடங்கும். வெசாக்குக்கு அடுத்த நாளும் அடங்கும். தீபாவளியோ வர்த்தக விடுமுறைப் பட்டியலில் இல்லை. மகா சிவராத்திரி இல்லை. பெரிய வெள்ளி இல்லை. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் இல்லை. திணைக்களத்தில் இருக்கும் தமிழன் தீபாவளியன்று வீட்டில் இருப்பான். கடையில் நிற்கும் தமிழன் மற்றவர்களுடைய தீபாவளிச் சேலையை முழம் போட்டு அளந்து கொண்டிருப்பான். முதலாளி விட்டால் உண்டு, விடாவிட்டால் இல்லை. இத்தனை தேர்தல்களில் நம் வாக்கைக் கேட்டு வந்தவர்கள் இப்பட்டியலில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி வாதாடியதாக நமக்கு நினைவில்லை.

பட்டியலை மாற்றுதல் கடினம் என்பார்களோ? 1966 இல் இந்நாட்டு அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமையையே எடுத்தெறிந்தது. சந்திரனின் நான்கு போயா நாட்களே ஓய்வு நாட்கள் என்றும் அவற்றுக்கு முந்திய நாள் அரைநாள் என்றும் ஆக்கிற்று. சந்திரன் கந்தோர் மணிக்கூட்டைப் பார்த்து நடப்பதில்லை. ஆதலால் ஒரு வாரம் நீண்டது, ஒரு வாரம் குறைந்தது. உலகம் முழுவதும் வேலை செய்த நாளில் நம் வங்கிகள் மூடியிருந்தன. உலகம் உறங்கிய நாளில் திறந்திருந்தன. கிறித்தவ மக்கள் தேவாலயத்துக்கும் கந்தோருக்கும் இடையில் அல்லற்பட்டார்கள். 1971 இல் அது கைவிடப்பட்டு, அவ்வாண்டின் 29 ஆம் இலக்க விடுமுறைகள் சட்டம் வந்தது. ஒரு நாடு முழுவதினதும் வாரத்தை ஐந்தாண்டுக்கு மாற்றி அமைக்க வல்ல பாராளுமன்றத்துக்கு ஒரு தீபாவளியைச் சேர்க்க வலுவில்லையென்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டாம்.

மலையகத்தில் இந்த அநீதி இன்னும் ஒரு படி இறங்குகின்றது. நுவரெலியா, வெப்பம் தாங்காத வெள்ளைக்காரர் இளைப்பாறுவதற்கென்று சமைத்த ஊர். இன்றும் சித்திரை மாதத்தில் கொழும்புக் கனவான்கள் அங்கே ஓய்வெடுக்கச் செல்கின்றார்கள். அவர்கள் கண்குளிரப் பார்க்கும் பச்சைச் சரிவில், முதுகிற் கூடையோடு நிற்பவள் தன் விடுமுறையை என்றைக்கு எடுப்பாள்? அவளுக்குச் சட்டமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் உண்டு. ஆனால் மாதச் சம்பளக்காரனுக்கு விடுமுறை பதவியோடு வருகின்றது. நாட்கூலிக்காரிக்கு அது, போன ஆண்டில் எத்தனை நாள் வேலைக்கு வந்தாள் என்று எண்ணி அளக்கப்படுகின்றது. காய்ச்சலிற் கிடந்த நாளும் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கச் சென்ற நாளும் அந்த எண்ணிக்கையைக் கரைக்கின்றன. 2016 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபா என்று மேடையில் முழங்கினார்கள். அடிப்படைச் சம்பளம் 500 தான். வரவுக்கென்று 60 தனியே வைக்கப்பட்டிருந்தது. போதிய நாள் வராதவளுக்கு அந்த 60 கிடையாது. 2019 இல் அவ்வரவுக் கொடுப்பனவு நீக்கப்பட்டது. ஓய்வுக்குச் சம்பளம் கொடுப்பது நாகரிக உலகின் விதி. ஓய்வுக்குத் தண்டம் வாங்கியது நம் தோட்டங்களின் விதி.

இப்போது அதனினும் நுட்பமான வழி கண்டிருக்கின்றார்கள். தேயிலைத் துண்டொன்றைக் குடும்பத்திடம் ஒப்படைத்துப் பச்சைக் கொழுந்துக்குக் கிலோ விலை கொடுப்பது. தொழிலாளியைச் சிறு உடைமையாளனாக்குகின்றோம் என்கின்றார்கள். நிலம் அவனுடையதன்று, பறிபோவது மட்டும் அவனுடையது. ஊழியனல்லாதவனுக்கு விடுமுறை ஏது? கொழும்பில் "மேன்பவர்" என்ற பெயரில் ஆட்களை வாடகைக்கு விடுவோர் செய்வதும் இதே வித்தைதான்.

கமக்காரரைப் பற்றி என்ன சொல்கின்றீர்கள் என்று வன்னி வாசகரும் மட்டக்களப்பு வாசகரும் கேட்பது நமக்குக் கேட்கின்றது. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையில் அவர்கள் வெறுங்கையோடிருக்கும் நாட்களைச் சிலர் ஓய்வு என்கின்றார்கள். கடனை எண்ணிக்கொண்டு திண்ணையில் இருப்பது ஓய்வாகுமா? மாதச் சம்பளக்காரனுக்கு விடுமுறை நாளின் ஊதியம் சம்பளத்துக்குள் அடங்கியிருப்பதுபோல, கமக்காரனுக்கு அது நெல்லின் விலைக்குள்ளும் வெங்காயத்தின் விலைக்குள்ளும் அடங்கியிருக்க வேண்டும். வேறு வழியில்லை. விவசாயத் திணைக்களம் செய்கைச் செலவைக் கணக்கிடும்போது குடும்ப உழைப்பைச் சேர்த்து ஒரு கணக்கும், சேர்க்காமல் ஒரு கணக்கும் எழுதுகின்றது. சேர்க்காத கணக்கில் இலாபம் பெரிதாகத் தெரியும். கமக்காரனின் மனைவியும் மக்களும் கூலியின்றி உழைத்த நாட்கள் அந்த இலாபமாகின்றன. 1987 இல் கமக்காரருக்கு ஓய்வூதியச் சட்டம் ஒன்று வந்தது. முதுமையில் அவனுக்கு ஓய்வு வேண்டும் என்று ஒப்புக்கொண்ட அரசாங்கம், விலை குறிக்கும்போது அவனுக்கு ஆண்டில் ஒரு வாரத்தைத்தானும் எண்ணிப் பார்த்ததுண்டா? பட்டிப்பொங்கலன்று எருதைக் குளிப்பாட்டி, மாலை சூட்டி, நுகத்தில் பூட்டாமல் விடுகின்றோம். மறுநாட் காலையில் எருதுக்கு முன்னர் எழும்புகின்றவன் அவன்.

ஆயினும் கமக்காரர் நம்மைப் பொறுத்தருள வேண்டும்: அருவிவெட்டுக்கு அவர்கள் அழைக்கும் கூலியாளுக்கு நெடுநாட் பழக்கம் இருந்தும் நல்ல நாளுக்கு ஒரு நாட்கூலி கொடுப்பவர் எத்தனை பேர்? விவசாயக் கூலியாளருக்கும் சம்பள விடுமுறை வேண்டும் என்று ஜெனீவாவில் 1952 இலேயே தனிச் சமவாயம் எழுதியிருக்கின்றார்கள்.

இனி 1871 க்குத் திரும்புவோம். வீட்டு வேலையாளைப் பதிவு செய்யச் சட்டம் வந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவளுக்கு விடுமுறை தரும் சட்டம் வரவில்லை. கடைச் சட்டம் அவளைத் தொடாது. சம்பளச் சபை அவளுக்கு இல்லை. வைத்தியர்களும் அப்புக்காத்துமாரும் பொறியியலாளரும் ஆசிரியர்களும் இப்பத்திரிகையைப் படிக்கின்றார்கள். 45 நாள் லீவில் ஒரு நாள் குறைந்தாலும் தொழிற்சங்கத்துக்குக் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள். அவர்களிற் பலர் வீட்டு அடுக்களையில் அப்புத்தளையிலிருந்தோ பதுளையிலிருந்தோ வந்த ஒரு பிள்ளை நிற்கின்றாள். தீபாவளிக்கு உறவினர் வருவார்கள் என்பதால் அவளுக்கு அன்று வேலை இரட்டிப்பு. அரசாங்கத்திடம் நாம் கேட்பவை உண்டு: தீபாவளி முதலிய திருநாட்கள் வர்த்தக விடுமுறையாதல் வேண்டும், நாட்கூலியாளருக்கு வரவுக் கணக்கின்றி விடுமுறை வேண்டும், வீட்டு வேலையாளர் சட்டத்துக்குள் வருதல் வேண்டும். இவற்றுக்காகப் பாராளுமன்றத்திற் கேள்வி கேட்குமாறு நம் பிரதிநிதிகளை வற்புறுத்துகின்றோம். ஆனால் பாராளுமன்றம் கூடும்வரை காத்திராமல் இன்றிரவே கேட்கக்கூடிய கேள்வி ஒன்றும் இருக்கின்றது. அந்தப் பிள்ளை கடைசியாக ஊருக்குப் போனது எப்போது?